படகில் டீசல் ஹீட்டர்: தீக்கு ஒரு மூச்சு, நமக்கு ஒரு மூச்சு

குளிர்காலத்தில் படகில் தங்கியவர்களுக்குத் தெரியும். போர்வைக்குள் உடம்பு கதகதப்பாகத்தான் இருக்கும். ஆனால் விடியற்காலையில் மூக்கு நுனி சில்லிட்டுப் போயிருக்கும், தலைக்கு மேலே ஜன்னல் சட்டத்தில் கோத்திருந்த நீர் ஒரு சொட்டாக நெற்றியில் விழும். படகின் சுவர் மெல்லியது. கீழே தண்ணீர், மேலே காற்று, இரண்டும் இரவு முழுக்கச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். எஞ்சினுக்கென்று டாங்க்கில் டீசல் இருக்கும்போது அதையே எரித்துக் கேபினைச் சூடாக்குவதுதான் இருப்பதில் நல்ல வழி.

முதல் தடவை ஹீட்டர் வைக்கப்போகிறவர்கள் எந்தக் கம்பெனி வாங்குவது என்பதிலேயே மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நான் கழற்றிப் பார்த்த வரையில், பழுதான ஹீட்டர்களில் பெரும்பாலானவற்றில் பெட்டிக்குள் கோளாறு இல்லை. பெட்டிக்கு வெளியே நாம் இழுத்த குழாயிலும் வயரிலும்தான் கோளாறு. ஆளுக்கு ஆபத்து வருவதும் அங்கிருந்துதான். அதனால் இந்தக் கட்டுரையில் பெட்டியைப் பற்றிக் கொஞ்சமும், பெட்டிக்கு வெளியே இருப்பதைப் பற்றி நிறையவும் எழுதுகிறேன்.

உள்ளே நடப்பது என்ன

சுவிட்சைப் போட்டதும் குளோ பின் என்ற சிறு கம்பி பழுக்கக் காய்கிறது. ஒரு சின்ன பம்ப் டாங்க்கிலிருந்து டீசலைத் துளித்துளியாகத் தள்ளுகிறது. இரவில் கேட்கும் 'டிக், டிக்' சத்தம் இதனுடையதுதான். ஒவ்வொரு டிக்கிற்கும் ஓர் அளவு டீசல். வேகமாக அடித்தால் ஹீட்டர் அதிகச் சூட்டில் ஓடுகிறது என்று பொருள். ஒரு ஃபேன் வெளிக்காற்றை எரிகலனுக்குள் ஊதுகிறது, டீசல் பற்றிக்கொள்கிறது, சில நிமிடங்களில் குளோ பின் அணைந்து தீ தானாகவே நின்று எரிகிறது. புகை குழாய் வழியாகப் படகுக்கு வெளியே போய்விடும்.

கேபின் காற்று இந்தத் தீயைத் தொடுவதே இல்லை. எரிகலனைச் சுற்றி அலுமினியத்தில் வார்த்த கூடு ஒன்று இருக்கிறது. தீ கூட்டுக்கு உள்ளே எரிகிறது, கேபின் காற்று கூட்டுக்கு வெளியே உரசிச் சூடேறிப் போகிறது. தீக்கு ஒரு காற்றுப்பாதை, நமக்கு வேறொரு காற்றுப்பாதை. இந்த இரண்டும் எந்த இடத்திலும், எந்த ஓட்டை வழியாகவும் கலக்கக் கூடாது. இனி நான் சொல்லப்போகும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைக் காப்பாற்றத்தான்.

புகைக்குழாய் இல்லாத மண்ணெண்ணெய் அடுப்பையோ, கையில் தூக்கிப்போகும் கேஸ் ஹீட்டரையோ படகுக்குள் வைக்கக் கூடாது என்பதற்கும் காரணம் இதுவே. புகையிலுள்ள நஞ்சு ஒரு பக்கம் இருக்கட்டும். ஒரு லிட்டர் டீசலோ மண்ணெண்ணெயோ எரிந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியாக வெளியே வரும். குழாய் இல்லாவிட்டால் அவ்வளவும் உங்கள் மெத்தையில்தான் இறங்கும்.

மூன்று வகை

முதலாவது, சூடான காற்றை ஊதுவது. ஜெர்மனியின் வெபாஸ்டோ, எபர்ஸ்பாகர் இரண்டும் இதில் பழைய பெயர்கள். லாரிகளிலும் இவைதான் இருக்கும். சின்ன, நடுத்தரப் படகுகளுக்கு இது போதும். பத்து நிமிடத்தில் கேபின் சூடாகிவிடும். தொடர்ந்து கரண்ட் வேண்டும், ஃபேன் சத்தம் இருக்கும்.

இரண்டாவது, தண்ணீரைச் சூடாக்கி ரேடியேட்டர்களுக்கு அனுப்புவது. பல அறைகள் உள்ள பெரிய படகுகளுக்கும், வருடம் முழுக்கப் படகிலேயே குடியிருப்பவர்களுக்கும் ஏற்றது. குளிக்கும் வெந்நீரையும் அதிலேயே எடுத்துக்கொள்ளலாம். உறைபனித் தடுப்புத் திரவம் கலந்த தண்ணீர் சுற்றவேண்டும், குழாய்களில் சேரும் காற்றை அவ்வப்போது வெளியேற்றவேண்டும். வேலை அதிகம், புதியவர் தனியாக இறங்கவேண்டாம்.

மூன்றாவது, பானை அடுப்பு. டென்மார்க்கின் ரெஃப்ளெக்ஸ், கனடாவின் டிக்கின்சன் போன்றவை. ஒரு சிறு வால்வு டீசலைச் சொட்டுச்சொட்டாகப் பானைக்குள் விடும், அது அங்கேயே ஆவியாகி எரியும். புகை தானாகவே மேலே ஏறிப் போகும், ஃபேன் கட்டாயமில்லை. பேட்டரி செத்தாலும் அடுப்பு எரியும் என்பதால் மீன்பிடிப் படகுகளில் இதன்மேல் அவ்வளவு நம்பிக்கை. சத்தமே இல்லாத சூடு என்றால் இதுதான். ஆனால் நேராக ஏறும் உயரமான புகைபோக்கி வேண்டும், காற்று திடீரென்று கீழ்நோக்கி அடித்தால் புகை திரும்பும், பாய்மரப் படகு நன்றாகச் சாய்ந்து ஓடும்போது டீசல் அளவு மாறிவிடும். ஒன்றை மட்டும் மனதில் இருத்திக்கொள்ளுங்கள்: அணைந்துபோன அடுப்பின் பானை சூடாக இருக்கும்போது டீசலைத் திறந்து மறுபடி பற்றவைக்கக் கூடாது. சூட்டில் டீசல் ஆவியாகி நிற்கும், தீக்குச்சி பட்டதும் முகத்தில் வெடிக்கும். தொட்டுப் பார்த்துக் கை பொறுக்கும் வரை காத்திருங்கள்.

இனி எழுதுவது முதல் வகையைப் பற்றி. புதிதாக வைப்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் வைக்கிறார்கள்.

எத்தனை கிலோவாட் வேண்டும்

பெரிதாக வாங்கிவிட்டால் கவலை இல்லை என்ற எண்ணம்தான் முதல் தவறு. தேவைக்கு மேல் பெரிய ஹீட்டர் சீக்கிரமே கேபினைச் சூடாக்கிவிட்டு, மீதி நேரம் மிகக் குறைந்த தீயில் முனகிக்கொண்டிருக்கும். குறைந்த தீயில் டீசல் முழுதாக எரியாது. எரியாதது கரியாகப் படியும். இரண்டு குளிர்காலத்தில் எரிகலன் அடைத்துவிடும்.

சரியான அளவைக் கண்டுபிடிக்க எளிய சோதனை ஒன்று உண்டு. கரையிலிருந்து கரண்ட் எடுக்க வசதி உள்ள இடத்தில், ஒரு குளிர் இரவில், 1 கிலோவாட் மின்சார ஹீட்டர் ஒன்றைக் கேபினில் ஓடவிடுங்கள். மூன்று நான்கு மணி நேரம் கழித்து உள்ளே எத்தனை டிகிரி, வெளியே எத்தனை டிகிரி என்று பாருங்கள். வெளியே 4, உள்ளே 14 என்று வைத்துக்கொள்வோம். 1 கிலோவாட் உங்கள் படகை 10 டிகிரி தூக்குகிறது. பூஜ்யம் டிகிரிக் குளிரில் உள்ளே 20 டிகிரி வேண்டுமென்றால் 2 கிலோவாட் தேவை. காற்று பலமாக வீசும் இரவுக்காக அதோடு கால் பங்கு சேர்த்துக்கொள்ளுங்கள். படகின் நீளத்தை வைத்துப் போட்ட பொதுவான பட்டியல்களைவிட உங்கள் படகிலேயே எடுத்த இந்த எண்ணை நம்பலாம்.

பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் கிலோவாட்டையும் கண்ணை மூடிக்கொண்டு நம்பவேண்டாம். ஒரு லிட்டர் டீசலில் ஏறக்குறைய 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது. அதில் எண்பது சதவீதம் சூடாகக் கிடைத்தால் 8. ஆக, உண்மையில் 8 கிலோவாட் தரும் ஹீட்டர் மணிக்கு ஒரு லிட்டர் குடித்தே ஆகவேண்டும். '8 கிலோவாட்' என்று போட்டிருக்கும் மலிவான பெட்டியின் கையேட்டில், அதிகபட்சச் செலவு மணிக்கு அரை லிட்டர் என்று இருந்தால் அது 4 கிலோவாட் ஹீட்டர்தான். 2 கிலோவாட் ஹீட்டர் முழுத் தீயில் மணிக்குக் கால் லிட்டர் எடுக்கும். ஓர் இரவு பத்து மணி நேரம் ஓடினாலும் இரண்டரை லிட்டருக்கு மேல் போகாது.

பெட்டிக்கு இடம்

படகின் பின்பக்க லாக்கர், அதாவது சாமான் வைக்கும் அறை, வழக்கமான இடம். படகின் அடியில் தேங்கும் நீர் எட்டாத உயரம் வேண்டும். எந்தப் பக்கம் பார்த்து, எந்தச் சாய்வில் பொருத்தலாம் என்று கையேட்டில் படம் போட்டிருப்பார்கள், அதை மீறவேண்டாம். வருடத்துக்கு ஒரு தடவையாவது கழற்ற வேண்டியிருக்கும், ஆகவே கையும் ஸ்பேனரும் போக வழி விடுங்கள். லாக்கரில் கயிறும் பாயும் திணிப்பவர் என்றால் ஹீட்டரைச் சுற்றி ஒரு தடுப்புப் பலகை அடித்துவிடுங்கள். காற்று இழுக்கும் வாயில் ஒரு துணி போய் ஒட்டினால் போதும், அதிகச் சூட்டில் ஹீட்டர் தானாக நின்றுவிடும்.

பெட்டிக்கும் அது உட்காரும் தகட்டுக்கும் நடுவே, இடுக்கில் கசியாமல் அடைக்கும் ஒரு கேஸ்கட் வரும். தீயின் காற்றும் புகையும் நுழைந்து வெளியேறும் வாய்கள் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. தகடு துளி வளைந்திருந்தாலும் கேஸ்கட் சரியாக அமராது. சமமான, கனமான தகடு போட்டு, நட்டுகளை மாற்றி மாற்றிச் சமமாக முடுக்குங்கள். கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிய கேஸ்கட்தான்.

கேபினுக்கு அனுப்பும் காற்றை எங்கிருந்து எடுப்பது? எஞ்சின் அறையிலிருந்து மட்டும் கூடாது. எஞ்சின் புகையும் எண்ணெய் நாற்றமும் நேரே படுக்கைக்கு வந்துவிடும். கேபின் காற்றையே திரும்ப எடுத்தால் டீசல் மிச்சம், சீக்கிரம் சூடாகும். வெளிக்காற்றை எடுத்தால் ஈரம் குறையும், சூடாக நேரமாகும். கேபினிலிருந்து பெரும்பகுதியும் வெளியிலிருந்து கொஞ்சமும் வருவதுபோல அமைப்பதை நான் விரும்புகிறேன்.

புகைக்குழாய்: அவசரப்படக் கூடாத வேலை

இந்த ஒரு வேலைக்கு முழுநாள் ஒதுக்குங்கள்.

லாரிக்கென்று விற்கும் பெட்டிகளோடு ஒரு மெல்லிய வளைகுழாயும் சிறிய சைலன்சரும் வரும். அந்தச் சைலன்சரைக் கையில் எடுத்து வெளிச்சத்துக்கு எதிரே திருப்பிப் பாருங்கள். அடியில் குண்டூசி நுழையும் அளவுக்கு ஒரு துளை இருக்கும். உள்ளே சேரும் தண்ணீர் சொட்டுவதற்காகப் போட்டது. லாரியின் வயிற்றுக்குக் கீழே, திறந்த வெளியில் அது சரி. படகிலோ சைலன்சர் லாக்கருக்குள் இருக்கிறது, லாக்கருக்கு அடுத்த பலகையில் நீங்கள் தூங்குகிறீர்கள். அந்தத் துளையிலிருந்து இரவு முழுக்கப் புகை கசியும். தகடுகளை வெல்டிங் செய்து ஒட்டிய இணைப்பும் பல சைலன்சர்களில் முழுதாக அடைபட்டிருக்காது. படகுக்கென்றே செய்த, காற்றுப்புகாத சைலன்சரையும் துருப்பிடிக்காத எஃகுக் குழாயையும் தனியாக வாங்குங்கள். ஹீட்டரில் மிச்சம் பிடிக்கலாம், இதில் கூடாது.

குழாய் நீளத்துக்கும் வளைவுகளுக்கும் கையேட்டில் உச்ச அளவு இருக்கும். நீளம் கூடினால் புகை முட்டும், தீ மூச்சுத் திணறும், கரி படியும். முடிந்தவரை குட்டையாக, அகலமான வளைவுகளோடு போடுங்கள். குழாய் சில நூறு டிகிரிக்குச் சூடேறும். முழு நீளத்துக்கும் வெப்பத் தடுப்புத் துணி சுற்றவேண்டும். மரம், பிளாஸ்டிக், டீசல் ஹோஸ், வயர் எதையும் அது தொடக் கூடாது. கிளாம்ப் போடும் இரண்டு முனைகளிலும் அதற்கென்று விற்கும் வெப்பம் தாங்கும் பசையைத் தடவி முடுக்குங்கள்.

வெளியே போகும் வாயை நீர்மட்டத்துக்கு மேலே வைப்பது யாருக்கும் தெரியும். பாய்மரப் படகு சாயும்போது அந்த வாய் தண்ணீருக்குள் போகுமா என்பதை யோசிக்க மறந்துவிடுவார்கள். படகின் பின்பலகை இதற்கு நல்ல இடம். பக்கச் சுவரில் வைத்தே ஆகவேண்டும் என்றால் இன்னும் மேலே ஏற்றுங்கள். எங்கே வைத்தாலும், குழாய் முதலில் மேலே ஏறி, அன்னத்தின் கழுத்தைப் போல வளைந்து, பிறகு இறங்கி வாயைச் சேரவேண்டும். பின்னாலிருந்து அலை அடித்தாலும் தண்ணீர் ஹீட்டருக்குள் ஏறாது. ஹீட்டர் பக்கமாக இருக்கும் தாழ்வான இடத்தில் புகையிலுள்ள ஈரம் குளிர்ந்து தேங்கும். அங்கே மூடியுள்ள ஒரு வடிகுழாய் வைத்து, அவ்வப்போது ஹீட்டர் ஓடாதபோது திறந்து வடியவிடுங்கள்.

வாய்க்கு அருகில் என்ன இருக்கிறது என்று வெளியே நின்று பாருங்கள். திறக்கும் ஜன்னல், காற்றோட்டத் துளை, டாங்க்கின் காற்றுக்குழாய், தீக்கான காற்றை இழுக்கும் வாய் இவற்றிலிருந்து தள்ளி இருக்கவேண்டும். ஒருமுறை கட்டுத்துறையில் ஒரு படகின் ஹீட்டர் பற்றிய சில நிமிடங்களில் ஒவ்வொரு தடவையும் நின்றுகொண்டே இருந்தது. உள்ளே எல்லாவற்றையும் சோதித்துக் களைத்துப்போய்க் கரையிலிருந்து பார்த்தால், படகு கரையில் மோதாமல் தாங்கும் ரப்பர் உருளை ஒன்று நகர்ந்து வந்து புகைவாயின் மேல் படிந்து நின்றது. வாய் பட்ட இடத்தில் வட்டமாக உருகி, பளபளவென்று குழிந்திருந்தது. கயிற்றை ஒரு முழம் நகர்த்திக் கட்டியதும் வேலை முடிந்தது. அந்தப் புகை அடைபட்டு உள்ளே திரும்பியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அன்றைக்கு நினைத்துப் பார்த்தேன். அப்போதிலிருந்து இரவு சுவிட்சைப் போடுமுன் ஒரு தடவை வெளியே எட்டிப் பார்ப்பது பழக்கமாகிவிட்டது.

தீக்கான காற்றுக்குழாயை வெளியிலிருந்தோ, நல்ல காற்றோட்டமுள்ள லாக்கரிலிருந்தோ எடுங்கள். கேபினிலிருந்து வேண்டாம். பெட்ரோல் கேனோ கேஸ் சிலிண்டரோ இருக்கும் லாக்கரிலிருந்து ஒருபோதும் கூடாது.

டீசல் லைன்

எஞ்சினுக்குப் போகும் குழாயிலிருந்து கிளை பிரிப்பதுதான் சுலபம் என்று தோன்றும். எஞ்சின் இழுக்கும்போது ஹீட்டர் லைனில் காற்று புகும், ஹீட்டர் தீ அணையும். சில சமயம் எஞ்சினும் இருமும். டாங்க்கின் மேல்பக்கத்தில் தனித்துளை போட்டு ஹீட்டருக்கென்று தனிக்குழாய் இறக்குங்கள். அதன் நுனி டாங்க்கின் அடியைத் தொடாமல், எஞ்சின் குழாயின் நுனியைவிட மேலே நிற்கட்டும். அடியில் தேங்கும் நீரும் சேறும் வராது. ஹீட்டர் எவ்வளவு ஓடினாலும் கரைக்குத் திரும்பும் அளவுக்கு எஞ்சினுக்கு டீசல் மிச்சம் இருக்கும்.

பம்ப் தள்ளுவதில் கெட்டி, இழுப்பதில் சுமார்தான். ஆகவே ஹீட்டரைவிட டாங்க்குக்கு அருகில் வையுங்கள். டீசல் வெளியேறும் முனை மேல்நோக்கி இருக்கும்படி சாய்த்துப் பொருத்தவேண்டும், அப்போதுதான் காற்றுக்குமிழி உள்ளே தங்காது. எத்தனை டிகிரி என்பது கையேட்டில் இருக்கும். ரப்பர் பிடிக்குள் வைத்துத் தொங்கவிட்டால் டிக் டிக் சத்தம் படகின் உடம்பில் ஏறாது. பலகையில் நேராகத் திருகினால் அந்தச் சத்தம் தலையணைக்குள் கேட்கும்.

குழாய் மிகக் குறுகலாக, உள்விட்டம் 2 மில்லிமீட்டர் அளவில் இருக்கவேண்டும். குறுகலான குழாயில் குமிழி தங்காமல் டீசலோடு அடித்துக்கொண்டு போய்விடும். இணைக்கும் இடத்தில் ரப்பர் உறைக்குள் இரண்டு குழாய் முனைகளும் ஒன்றையொன்று முட்டவேண்டும்; நடுவே இடைவெளி விட்டால் அங்கே குமிழி சேரும். பெட்டியோடு வரும் மெல்லிய பச்சை ஹோஸை நான் படகில் போடமாட்டேன். ஹோஸ் எங்கெல்லாம் தேவையோ அங்கெல்லாம் ஐ.எஸ்.ஓ. 7840 என்று அச்சிட்ட, தீயைத் தாங்கும் ஹோஸ் போடுங்கள். பம்புக்கு முன் ஒரு சிறு ஃபில்டரும், டாங்க் பக்கம் ஒரு மூடும் வால்வும் இருக்கட்டும்.

வயர்

புதிய ஹீட்டர் பற்றவில்லை என்று அழைப்பவர்களிடம் நான் முதலில் கேட்பது வயரின் தடிமன். ஓடும்போது ஹீட்டர் 12 வோல்ட்டில் ஒன்றிலிருந்து மூன்று ஆம்பியர்தான் எடுக்கும். பற்றவைக்கும் அந்தச் சில நிமிடங்களில் மட்டும் குளோ பின் எட்டு, பத்து ஆம்பியர் இழுக்கும். பேட்டரி 5 மீட்டர் தள்ளியிருந்தால் போகவர 10 மீட்டர் வயர். அது 1.5 சதுர மில்லிமீட்டர் வயராக இருந்தால் 10 ஆம்பியரில் ஒரு வோல்ட்டுக்கு மேல் வழியிலேயே தொலைந்துவிடும். 6 சதுர மில்லிமீட்டர் போட்டால் இழப்பு 0.3 வோல்ட்தான். பேட்டரி பாதி இறங்கிய விடியற்காலையில் இந்த வித்தியாசம்தான் பற்றுவதையும் பற்றாமல் போவதையும் தீர்மானிக்கும்.

இன்னொன்று. அணைத்த பிறகும் ஹீட்டர் மூன்று நான்கு நிமிடம் ஃபேனை ஓட்டித் தன்னைக் குளிரவைத்துக்கொள்ளும். அந்த நேரத்தில் பேட்டரியின் மெயின் சுவிட்சை அணைத்தால் உள்ளே சூடு தேங்கி சென்சார்களும் ஃபேனும் கெடும். இதற்காகவே பலர் ஹீட்டர் வயரை மெயின் சுவிட்சுக்கு முன்னாலேயே, பேட்டரிக்கு அருகில் தனி ஃபியூஸ் போட்டு எடுக்கிறார்கள். எத்தனை ஆம்பியர் ஃபியூஸ் என்பதைக் கையேட்டில் பார்த்துப் போடுங்கள்.

சூடான காற்றை நடத்துவது

90 மில்லிமீட்டர் குழாயின் வாய்ப் பரப்பு, 60 மில்லிமீட்டர் குழாயினுடையதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். ஆகவே ஹீட்டரிலிருந்து வரும் முதன்மைக் குழாயைச் சுருக்கவேண்டாம். கடைசிக் கிளைகளை மட்டும் சிறிதாக்கலாம். குளிர்ந்த லாக்கர்கள் வழியாகப் போகும் இடமெல்லாம் குழாய்க்கு உறை போடுங்கள், இல்லையென்றால் உங்கள் டீசல் கயிற்றையும் நங்கூரச் சங்கிலியையும் சூடாக்கிக்கொண்டிருக்கும். வெப்பக் காற்று வெளிவரும் வாய்களில் ஒன்றாவது மூட முடியாததாக இருக்கட்டும். எல்லாவற்றையும் மூடினால் ஹீட்டர் அதிகச் சூட்டில் நிற்கும். ஈர உடைகள் தொங்கும் அலமாரிக்குள் ஒரு சிறு வாய் விட்டுப் பாருங்கள். மழையில் நனைந்து வந்த மறுநாள் காலையில் அதன் அருமை புரியும்.

கார்பன் மோனாக்ஸைடு அலாரம்

ஹீட்டரைப் பற்றவைக்கும் முன் இது சுவரில் இருக்கவேண்டும். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமில்லை, மணமில்லை. ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினோடு ஆக்ஸிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். தலைவலி, குமட்டல், தூக்கக் கலக்கம் இவைதான் அறிகுறிகள். படகில் இவை மூன்றையும் கடல் மயக்கம் என்று நினைத்துவிடுவோம், அங்கேதான் ஆபத்து. ஹீட்டர் ஓடும்போது இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தலைவலி வந்தால் காரணம் தேடிக்கொண்டிருக்காதீர்கள். ஜன்னல்களைத் திறந்து எல்லோரையும் மேலே கூட்டிப்போங்கள், ஹீட்டரை அணையுங்கள், மருத்துவ உதவிக்கு அழையுங்கள்.

படகுக்கும் கேரவனுக்கும் ஏற்ற ஈ.என். 50291-2 தரமுள்ள அலாரம் வாங்குங்கள். தூங்கும் ஒவ்வொரு அறையிலும் ஒன்று, படுத்திருக்கும்போது தலை இருக்கும் உயரத்தை ஒட்டி. வாரம் ஒருமுறை பட்டனை அழுத்திச் சோதியுங்கள். சென்சாருக்கு ஆயுள் உண்டு, காலாவதித் தேதி அலாரத்திலேயே இருக்கும். பக்கத்துப் படகின் ஹீட்டர் புகையும் உங்கள் ஜன்னல் வழியாக வரலாம் என்பதால், ஹீட்டரே இல்லாத படகிலும் இது வேண்டும்.

முதல் தடவை பற்றவைத்தல்

பகலில் செய்யுங்கள், படகைத் திறந்து வையுங்கள். காலியான லைனில் டீசல் ஏறி வரும்வரை ஹீட்டர் ஓரிரு முறை தோற்று நிற்பது வழக்கம். லைனை நிரப்பும் வசதி கன்ட்ரோலரில் இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் திரும்பத் திரும்பத் தோற்றும் சுவிட்சை அழுத்திக்கொண்டே இருக்கவேண்டாம். எரியாத டீசல் எரிகலனில் தேங்கி, கடைசியில் பற்றும்போது குழாயிலிருந்து வெள்ளைப் புகை மேகமாகக் கொட்டும், தீ கட்டுக்கடங்காமல் எரியும். சில தோல்விகளுக்குப் பிறகு பல ஹீட்டர்கள் தங்களைத் தாங்களே பூட்டிக்கொள்வது இதற்காகத்தான்.

பற்றியதும் அரை மணி நேரம் முழுத் தீயில் ஓட்டுங்கள். ஒரு டார்ச்சோடு லாக்கருக்குள் இறங்கி ஒவ்வொரு இணைப்பையும் பாருங்கள்: டீசல் கசிவு, புகை மணம், குழாய்க்கு அருகில் சூடேறிய பலகை. வெப்பத் துணியிலிருந்து முதல் சில நிமிடம் லேசான புகை வரும், பிறகு நின்றுவிடவேண்டும். எல்லாம் நன்றாக இருந்தால் வெளியே புகை கண்ணுக்கே தெரியாது. தொடர்ந்து வெள்ளையாக வந்தால் டீசல் எரியவில்லை; கருப்பாக வந்தால் தீக்குக் காற்று போதவில்லை.

கரி சேராமல் ஓட்டுவது

ஒரு குளிர்காலம் முழுக்க 'குறைவு' என்ற இடத்திலேயே வைத்து ஓட்டிய ஹீட்டர் ஒன்றைத் திறந்தேன். எரிகலனின் உள்சுவரில் கரி, அடிப்பிடித்த பாத்திரத்தின் வண்டல் போல, விரல் நகத்தால் சுரண்டினால் செதிள் செதிளாக உதிரும் தடிமனில் இருந்தது. குளோ பின்னைச் சுற்றியிருக்கும் சல்லடையின் கண்கள் ஒன்றுகூடத் தெரியவில்லை. சல்லடை, கேஸ்கட் மாற்றி, சுரண்டிச் சுத்தம் செய்ததும் முதல் முயற்சியிலேயே பற்றியது. உரிமையாளர் டீசல் மிச்சம் பிடிக்க நினைத்துத்தான் குறைவில் வைத்திருந்தார்.

ஓடவேண்டுமென்றால் நன்றாக ஓடட்டும். கேபின் சூடானபின் குறைவில் இருந்தாலும், அணைக்கும் முன் இருபது நிமிடம் முழுத் தீயில் ஓட்டி உள்ளே இருப்பதை எரித்துவிடுங்கள். கேபின் சூட்டில் வெந்துபோனாலும் பரவாயில்லை, ஜன்னலைத் திறந்துகொள்ளுங்கள். கோடையிலும் மாதம் ஒருமுறை கால் மணி நேரம் முழுத் தீயில் ஓட்டினால் பம்பும் குளோ பின்னும் இறுகிப்போகாது. டாங்க்கில் கோடைக்கால டீசலே கிடந்தால் கடுங்குளிரில் அதிலுள்ள மெழுகு திரளும், அந்த மெல்லிய குழாய் முதலில் அடைக்கும். குளிர் தொடங்கும் முன்பே குளிர்கால டீசல் நிரப்பிவிடுங்கள். டீசல் நிரப்பும்போது ஹீட்டர் அணைந்திருக்கவேண்டும்.

படகைப் பூட்டிப் போகும் மாதங்களில் புகைவாயில் பூச்சியும் நீரும் புகாமலிருக்க ஓர் அடைப்பு செருகுவது நல்லது. செருகிய கையோடு ஒரு துணிப்பட்டையில் 'புகைவாய் அடைத்திருக்கிறது' என்று எழுதி, ஹீட்டர் சுவிட்சின் மேலேயே குறுக்காகக் கட்டிவிடுங்கள். அடுத்த பருவத்தில் படகுக்கு முதலில் வருவது நீங்களாக இல்லாமலும் இருக்கலாம்.